முதலில் குழாய், பிறகுதான் மெஷின்

பூம்புகாரில் வாஷிங் மெஷினுக்கு எதிரிகள் நாலு பேர். கடற்காற்றோடு வரும் உப்பு, துணியோடு வரும் மணல், வயலிலிருந்து வரும் எலி, கம்பத்திலிருந்து வரும் கரன்ட். இந்த நால்வரோடும் மல்லுக்கட்டியே பிழைப்பு நடத்துகிறார், தர்மகுளம் பக்கம் சின்னதாகக் கடை வைத்திருக்கும் மெக்கானிக் ஒருவர். பெயர் போட வேண்டாம் என்றார். சுற்றுவட்டாரத்தில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதும் இல்லை. மேலையூரிலும் வானகிரியிலும் திருவெண்காட்டிலும் அவர் ‘மெஷின்காரர்’தான்.

தொழில் படித்தது மயிலாடுதுறையில், காயில் கட்டும் கடை ஒன்றில். டெல்டாவில் மோட்டார் என்றால் முதலில் பம்புசெட் மோட்டார்தான். ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறக்குமா திறக்காதா என்று காத்திருக்காமல் போர்வெல் தண்ணீரை நம்பிக் குறுவைக்கு நாற்று விடுகிறவர்கள் உண்டு. கோடை முடிகிற நேரத்தில் அவர்களுடைய எரிந்த மோட்டார்கள் கடை வாசலில் வரிசை கட்டும். மூடியைத் திறந்ததும் வரும் வாடையை வைத்தே காயில் கருகியிருக்கிறதா, வெறும் பேரிங் சூடுதானா என்று சொல்லிவிடுகிற வித்தையை அவர் அங்கேதான் பிடித்தார்.

அந்தக் காலத்தில் வாஷிங் மெஷின் அந்தக் கடைக்கு எப்போதாவது வரும் விருந்தாளி. 1980-களின் கடைசியில் டிவிஎஸ் குழுமமும் அமெரிக்காவின் வேர்ல்பூலும் கூட்டுச் சேர்ந்து புதுச்சேரியில் மெஷின் தயாரிக்கத் தொடங்கியபோதுகூட, காவிரிக் கடைமடையில் அது டாக்டர் வீட்டிலும் வக்கீல் வீட்டிலும் இருக்கிற சாமான். இன்று நிலைமை வேறு. 2021 சட்டமன்றத் தேர்தலில் குடும்ப அட்டைதாரர்களுக்கு இலவச வாஷிங் மெஷின் தருவதாக அதிமுக தேர்தல் அறிக்கையிலேயே எழுதியது. ஆட்சி கிடைக்கவில்லை, மெஷினும் வரவில்லை. “வந்திருந்தா ஊருக்கு ஒரு மெக்கானிக் பத்தியிருக்காது” என்று சிரிக்கிறார் அவர்.

அவர் ஒரு வீட்டுக்குள் நுழைவதைப் பார்த்தால் மெஷின் பார்க்க வந்தவர் மாதிரியே தெரியாது. நேரே குழாயடிக்குப் போவார். திறந்து விட்டு, தண்ணீர் எப்படி விழுகிறது என்று பார்ப்பார். அடுத்து பிளக். அதற்கடுத்து தரை மட்டம். பிறகு, “என்ன துணி போட்டீங்க அக்கா?” என்று ஒரு கேள்வி. தண்ணீர், கரன்ட், தரை, துணி என்று இந்த நான்கையும் பார்த்து முடிக்கும்வரை பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவர் வெளியே வராது. ‘மெஷின் ரிப்பேர்’ என்று தனக்கு வருகிற அழைப்புகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் மெஷினுக்கு வெளியேதான் இருக்கிறது என்பது அவருடைய அனுபவம்.

மேலையூரில் ஒரு வீடு. புது டாப் லோடு மெஷின், டிஸ்பிளேயில் ‘ஐஇ’ என்று வந்து நின்றுவிடுகிறது. எல்ஜி மெஷின்களில் அந்த எழுத்துக்கு, குறித்த நேரத்துக்குள் தொட்டியில் தண்ணீர் ஏறவில்லை என்று பொருள். அதே குறையை சாம்சங் ‘4சி’ அல்லது ‘4இ’ என்று காட்டும். வீட்டுக்காரர் வால்வு போய்விட்டது என்ற முடிவுக்கே வந்திருந்தார். மெஷின்காரர் மாடிக்கு ஏறினார். ஒற்றை மாடி வீடு, தொட்டி நேராகத் தளத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது.

கணக்கு எளிது. பத்து மீட்டர் உயரத் தண்ணீர் ஏறத்தாழ ஒரு கிலோ அழுத்தம் தரும். தளம் 10 அடி உயரம், மெஷினின் வால்வு தரையிலிருந்து 3 அடி. மிஞ்சுவது 7 அடி, அதாவது 0.2 கிலோ சொச்சம். பல மெஷின்களுக்குக் குறைந்தது 0.3 கிலோவாவது வேண்டும். தொட்டியில் தண்ணீர் நிறைந்திருக்கும்போது எப்படியோ ஓடிவிடும். பாதிக்குக் கீழே இறங்கினால் ‘ஐஇ’ வந்துவிடும். 4 அடிக்கு மேடை கட்டித் தொட்டியைத் தூக்கி வைத்தார்கள். வால்வு இன்றுவரை பழையதுதான்.

தண்ணீர் குறைவாக ஏறுவதற்கு இன்னொரு காரணம் வால்வின் வாயில் இருக்கும் சல்லடை. கைவிரல் நகம் அளவுள்ள பிளாஸ்டிக் வலை அது. குழாயை மூடி, ஓஸைக் கழற்றி, மூக்குப் பிளையரால் மெல்லப் பிடித்து இழுத்தால் கையோடு வந்துவிடும். கடலோர போர்வெல்களில் பொடி மணலும், சில இடங்களில் இரும்புத் துருவும் சேர்ந்து அதை அடைத்திருக்கும். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி மாட்டினால் போதும். இதற்கு யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. சல்லடை சுத்தமாக இருந்தும் தண்ணீர் ஏறவில்லை என்றால்தான் வால்வின் காயிலில் மல்டிமீட்டர் வைக்க வேண்டும். சுமார் 4 கிலோ ஓம் காட்டினால் காயில் உயிரோடு இருக்கிறது. ஒன்றுமே காட்டாவிட்டால் மாற்ற வேண்டியதுதான்.

தண்ணீர் வெளியேறுகிற ஓஸ் விஷயத்தில் ஊர் முழுக்க ஒரு குழப்பம் உண்டு. ட்ரெயின் பம்ப் இல்லாத டாப் லோடிலும் செமி ஆட்டோமேட்டிக்கிலும் தண்ணீர் தானாக இறங்கிப் போக வேண்டும், ஆகவே ஓஸ் தரையோடு கிடக்க வேண்டும். வாசற்படி உயரத்துக்குத் தூக்கி வைத்தாலும் தண்ணீர் தேங்கும். ஃப்ரண்ட் லோடில் பம்ப் இருக்கிறது. அங்கே ஓஸின் முனை குறைந்தது 2 அடி உயரத்தில் நிற்க வேண்டும். தரையில் போட்டால் ஏறுகிற தண்ணீர் அப்படியே இறங்கிக்கொண்டே இருக்கும், மெஷின் நிரம்பவே நிரம்பாது. பழைய டாப் லோடை மாற்றி ஃப்ரண்ட் லோடு வாங்கிய வீட்டில் பழைய பழக்கத்தில் ஓஸைக் கீழே போட்டுவிட்டு, “ரெண்டு மணி நேரமா தண்ணி புடிச்சிக்கிட்டே இருக்கு தம்பி” என்று போன் வரும். ஓஸைத் தூக்கிக் கட்டியதும் வேலை முடிந்தது.

மீனவக் கிராமங்களில் இன்னும் செமி ஆட்டோமேட்டிக்தான் ராஜா. தண்ணீரைக் குடத்தில் ஊற்றியும் ஓட்டலாம், கரன்ட் போய் வந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம், போர்டு என்று ஒன்று இல்லை. உள்ளே இரண்டு மோட்டார், இரண்டு டைமர், ஒரு பெல்ட், ஒரு கண்டன்சர், அவ்வளவுதான். அதில் வரும் பழுதுகளைக் காதாலேயே பிரித்துவிடலாம் என்கிறார்.

வானகிரியில் ஒரு வீட்டில் துவைக்கிற பக்கம் ஓடவில்லை. டைமரைத் திருகினால் ‘ம்ம்ம்’ என்று உறுமல் மட்டும். சத்தமே இல்லாமலிருந்தால் டைமர், பிளக், ஒயர் என்று தேட வேண்டியிருக்கும். உறுமினால் கரன்ட் மோட்டார்வரை போகிறது, மோட்டார்தான் கிளம்ப முடியாமல் தவிக்கிறது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, தொட்டியின் அடியில் இருக்கும் பல்சேட்டரைக் கையால் சுற்றிப் பார்த்தார். லேசாகச் சுற்றினால் சந்தேகம் கண்டன்சர் மேல் போகும். இங்கே இறுகிப் போயிருந்தது, கூடவே நறநறவென்று ஒரு உரசல்.

பல்சேட்டரின் நடுவில் ஒரே ஒரு ஸ்க்ரூ. அதைக் கழற்றி, வட்டை இரண்டு பக்கமும் பிடித்து மேலே தூக்கினார். அடியில் விரல் தடிமனுக்குக் கடல் மணல். அதில் பதிந்து கிடந்தவை இரண்டு ஊக்கு, ஒரு ரூபாய் நாணயம், நைலான் வலைத் துண்டு, பையன் கால்சட்டைப் பையில் போட்டு வந்த கிளிஞ்சல்கள். தண்டைச் சுற்றி வலை நூல் இறுகச் சுருண்டிருந்தது. பிளேடால் அறுத்து எடுத்து, கழுவி, மாட்டி ஓட்டினார். கூலி வாங்கும்போது ஒரு யோசனையும் சொல்லிவிட்டு வந்தார். கடலுக்குப் போய் வந்த துணியை மெஷினில் போடுவதற்கு முன் ஒரு அன்னக்கூடைத் தண்ணீரில் அலசி உதறிவிடுங்கள். மணலும் போகும், உப்பும் போகும்.

பல்சேட்டர் இலகுவாகச் சுற்றியும் மோட்டார் உறுமினால் கண்டன்சர்தான். துவைக்கிற மோட்டாருக்குப் பொதுவாக 10 மைக்ரோஃபாரட் ஒட்டிய அளவு இருக்கும். உடம்பில் அச்சடித்திருக்கும் அளவையே கேட்டு வாங்க வேண்டும். கடைக்காரர் கையில் இருப்பதைக் கொடுக்கிறார் என்பதற்காக அளவைக் கூட்டி மாட்டினால் மோட்டார் சூடேறி எரியும். சில நூறு ரூபாய்க்குள் முடிகிற வேலை இது. ஆனால் ஒரு எச்சரிக்கை. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டன்சரில் கரன்ட் தங்கியிருக்கும். இரண்டு முனைகளுக்கும் குறுக்கே பழைய குண்டு பல்பின் ஒயரைத் தொட்டு அதை இறக்கிய பிறகே கை வைக்க வேண்டும். அந்தப் பழக்கம் இல்லாதவர்கள் இந்த இடத்தோடு நிறுத்திக்கொண்டு ஆளைக் கூப்பிடுவது நல்லது.

பிழிகிற பக்கத்தின் கதை தனி. சுற்றவில்லை என்றால் முதலில் கூடைக்கும் வெளித் தொட்டிக்கும் நடுவே கைக்குட்டையோ குழந்தையின் காலுறையோ விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்து மூடி சுவிட்ச். மூடி திறந்திருக்கும்போது கூடையைப் பிடித்து நிறுத்துவது பிரேக் ஒயர். அது தளர்ந்தோ துருப்பிடித்தோ நின்றுவிட்டால், மூடிய பிறகும் பிரேக் விடாது. கூடை சுற்றுகிறது, ஆனால் அடியில் தண்ணீர் சொட்டுகிறது என்றால் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது. தண்டைச் சுற்றியிருக்கும் ரப்பர் சீல் கிழிந்திருக்கும், அது நேராக ஸ்பின் மோட்டாரின் தலையில் சொட்டும். ஒரு சீலோடு முடிய வேண்டிய செலவு அப்புறம் மோட்டாரில் போய் நிற்கும்.

ஃப்ரண்ட் லோடில் வீட்டுக்காரர்களே செய்ய வேண்டிய வேலை, முன்பக்கம் கீழே ஒரு சின்ன மூடிக்குப் பின்னால் இருக்கும் பம்ப் ஃபில்டரைச் சுத்தம் செய்வது. தட்டு ஒன்றை அடியில் வைத்து, இடப்பக்கமாக மெல்லத் திருகினால் தேங்கிய தண்ணீரோடு ஊக்கு, ஹேர்பின், சில்லறை எல்லாம் வெளியே வரும். ‘ஓஇ’ அல்லது ‘5சி’ என்று திரையில் வந்தால், அதாவது தண்ணீர் வெளியேறவில்லை என்றால், முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. துவைத்து முடிந்ததும் கதவு திறக்கவில்லை என்று கைப்பிடியைப் பிய்த்து எடுக்கிறவர்கள் உண்டு. கதவுப் பூட்டு சூடாறிய பிறகே விடுகிற ரகம் நிறைய இருக்கிறது, ஓரிரு நிமிடம் பொறுத்தால் தானே திறக்கும்.

சுற்றும்போது தடதடவென்று ஆடி மெஷின் இடம் மாறுகிறது என்றால் நாலு காலும் தரையில் பதிகிறதா என்று பார்க்க வேண்டும். புது மெஷின் என்றால் பின்பக்கம் பார்க்க வேண்டும். வண்டியில் வரும்போது டிரம் ஆடாமலிருக்கப் போட்ட போல்ட்டுகளைக் கழற்றாமலே ஓட்டுகிற வீடுகள் இருக்கின்றன. ‘யூஇ’ என்று வந்தால் துணி ஒரு பக்கமாகச் சேர்ந்திருக்கிறது. கனமான போர்வை ஒன்றை மட்டும் தனியாகப் போட்டாலே அது வரும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் விமானம் கிளம்புகிற மாதிரி சத்தம் கேட்டால் பேரிங். கதவைத் திறந்து டிரம்மின் மேல் விளிம்பைக் கையால் தூக்கிப் பார்க்க வேண்டும். மேலும் கீழும் ஆட்டம் தெரிந்தால் பேரிங் தேய்ந்திருக்கிறது. 6205, 6206 என்று எண் போட்ட சாதாரண பேரிங்குகள்தான் பல மெஷின்களில் இருக்கின்றன, மயிலாடுதுறையில் பேரிங் கடையிலேயே கிடைக்கும். கடலோரத்தில் இன்னொரு வில்லன் உண்டு. டிரம் ஸ்டீல், அதைப் பின்னாலிருந்து தாங்கும் மூன்று கை கொண்ட ‘ஸ்பைடர்’ அலுமினியம். உப்பும் சோப்புத் தூளும் படிந்து அலுமினியம் வெள்ளையாகப் பூத்து, பொரிந்து, ஒரு நாள் கை ஒன்று முறியும். அளவுக்கு மேல் பவுடர் போடுகிற வீடுகளில் இது சீக்கிரம் நடக்கிறது என்கிறார். உப்புத் தண்ணீரில் நுரை வராது, ஆகவே கரண்டி கரண்டியாகப் போட்டுப் பழகியிருப்பார்கள். கூட்டுக் குடிநீர்க் குழாய் வந்த பிறகும் அதே அளவைத் தொடர்ந்தால் நுரை பொங்கி உள்ளேயே தங்கும்.

டிரம்மில் படியும் வெள்ளைப் படிவத்துக்குக் கழிவறை ஆசிட் ஊற்றுகிறவர்களைக் கண்டால் அவருக்குக் கோபம் வந்துவிடும். ஸ்டீலும் ரப்பரும் சேர்ந்து போகும். கடையில் கிடைக்கும் டீஸ்கேலிங் பவுடர் அல்லது எலுமிச்சை உப்பு போட்டு, துணி இல்லாமல் ஒருமுறை வெந்நீரில் ஓட்டினால் போதும்.

தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்ததும் எலிப் பருவம் தொடங்கும். வயலில் வேலை இல்லாத எலி வீட்டுக்கு வருகிறது. மூங்கிலால் செய்யும் தஞ்சாவூர் கிட்டி வயலில் பேர் போன பொறி; சமையலறையில் அதை வைக்க முடியாது. மெஷினின் அடிப்பக்கம் திறந்திருந்தால் எலிக்கு அது வாடகை இல்லாத வீடு. மோட்டாரின் சூடு, ஒயரின் மெத்தென்ற உறை, சமயத்தில் குட்டி போட ஒரு சாக்ஸ். திருவெண்காட்டில் ஒரு மெஷின் ‘டிஇ’ என்று கதவுப் பழுது காட்டியது. கதவில் ஒன்றுமில்லை. பூட்டுக்குப் போகும் ஒயரைக் கீழே எலி கடித்திருந்தது. ஒயரை இணைத்து, ஸ்லீவ் போட்டு, அடியில் கம்பி வலைத் தட்டு அடித்துக் கொடுத்தார். மெஷின் வாங்கும்போதே அந்தத் தட்டு இருக்கிறதா என்று கேட்டு வாங்கச் சொல்கிறார்.

கரன்ட் விஷயத்தில் அவர் பேச்சு மெதுவாகி, குரல் கனமாகிறது. “மெஷினைத் தொட்டா சுர்ருனு இழுக்குது” என்று வரும் புகாரை அவர் ஒத்திப்போடுவதே இல்லை. தானியங்கி மெஷின்களின் மின் இணைப்பில் ஒரு ஃபில்டர் இருக்கும். எர்த் இல்லாவிட்டால், மெஷினில் பழுதே இல்லாமலும் அதன் வழியாகக் கொஞ்சம் கரன்ட் தகரத்தில் ஏறி நிற்கும். அப்போது மெஷினைப் பிரிப்பதில் பயனில்லை, சுவரில் இருக்கும் எர்த்தைத்தான் பார்க்க வேண்டும். மூன்றாவது பின்னை வெட்டிவிட்டு இரண்டு பின் பிளக்காக்கி மாட்டிய வீடுகளைப் பார்த்திருக்கிறார். எர்த் போட்ட வீட்டிலும் நிம்மதி கிடையாது. உப்பு மண்ணில் புதைத்த இரும்புக் குழாய் சில வருடங்களில் அரித்துப்போய் பெயருக்கு மட்டும் நிற்கும். ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று துணி போடுகிற நாட்டில் கரன்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்று போடாமல் மெஷின் வாங்கக் கூடாது என்பது அவர் கட்சி.

காற்று மழைக்குப் பிறகு கம்பத்தில் நியூட்ரல் கம்பி விட்டுப்போனால், 230 வோல்ட் வரவேண்டிய வீட்டுக்கு 400 வரைக்கும் ஏறிவிடும். மறுநாள் தெருவோடு போன் வரும். அப்போது பல போர்டுகளில் முதலில் உயிரை விடுவது எம்ஓவி என்ற, பெரும்பாலும் நீல நிறத்தில் பொத்தான் போல இருக்கும் சின்ன பாகம். அது வெடித்துத் தன்னைக் கொடுத்து, ஃப்யூஸையும் எரித்து, மற்றதைக் காப்பாற்றுகிறது. இரண்டையும் மாற்றினால் பல சமயம் போர்டு எழுந்துவிடும். பாகங்களின் விலை சில பத்து ரூபாய், புது போர்டு பல ஆயிரம். ‘போர்டு போச்சு’ என்ற தீர்ப்பை அவர் அவ்வளவு சீக்கிரம் நம்பாததற்குக் காரணம் இதுதான்.

2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் சுமார் 44 சென்டிமீட்டர் மழை கொட்டியது. பூம்புகார் வட்டாரத்தில் வீடுகளுக்குள் முழங்கால் தண்ணீர். வடிந்த கையோடு ஓடுகிறதா என்று பார்க்க சுவிட்சைப் போட்ட வீடுகளில்தான் மோட்டார் எரிந்தது. போடாமல் காத்திருந்தவர்களுடையது பெரும்பாலும் பிழைத்தது. மின் இணைப்பைத் துண்டித்து, பின்பக்கக் கவரைத் திறந்து, சேற்றை நல்ல தண்ணீரால் அலசி, வெயிலில் நாள் கணக்கில் காயவைத்தார். வெயில் இல்லாத நாட்களில் காயில் கட்டும் கடை வழக்கப்படி, அட்டைப் பெட்டிக்குள் மோட்டாரையும் எரியும் குண்டு பல்பையும் வைத்துச் சூடேற்றினார். பிறகு காயிலின் காப்பை அளக்கும் மெகர் வைத்துப் பார்த்து, ஒரு மெகா ஓமுக்கு மேல் காட்டிய மோட்டாருக்குத்தான் கரன்ட் கொடுத்தார். டாப் லோடில் போர்டு மேலே இருப்பதால் தப்பியது. கீழே போர்டு வைத்த சில மெஷின்களைக் காப்பாற்ற முடியவில்லை.

அவரால் சரிசெய்ய முடியாத ரகம் ஒன்று வளர்ந்துகொண்டு வருகிறது. சில ஃப்ரண்ட் லோடுகளில் வெளித் தொட்டியின் இரண்டு பாதிகளையும் ஸ்க்ரூ போடாமல் ஒட்டி அனுப்புகிறார்கள். உள்ளே சாதாரண பேரிங்தான், ஆனால் அதை எட்ட முடியாது. பேரிங்குக்காகத் தொட்டியையே மாற்று என்றால் மெஷின் விலையில் பெரும் பங்கு போய்விடும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் முதல் வாஷிங் மெஷின்களின் முக்கிய உதிரி பாகங்கள், அந்த மாடல் விற்பனை நின்ற பிறகும் 10 ஆண்டுகள் கிடைக்க வேண்டும் என்பது சட்டம். இந்தியாவில் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுது பார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் அதற்கென ஒரு இணையதளமும் திறந்தது. உதிரி பாகத்தைக் கட்டாயமாக்கும் அப்படியொரு சட்டம் இங்கே இன்னும் வரவில்லை.

அதுவரை வீட்டுக்காரர்கள் செய்ய வேண்டியவை என்று அவர் சொல்வது இவ்வளவுதான். போன் போடுவதற்கு முன் குழாய், பிளக், ஓஸ், ஃபில்டர் நான்கையும் பார்த்துவிடுங்கள். திரையில் வந்த எழுத்தை அப்படியே குறித்து வைத்துச் சொல்லுங்கள். தொட்டால் இழுக்கிறது என்றாலோ தண்ணீரில் நின்ற மெஷின் என்றாலோ சுவிட்சைப் போடாதீர்கள். போர்டு போய்விட்டது என்று யார் சொன்னாலும், எந்தப் பாகம் என்று காட்டச் சொல்லுங்கள். மாற்றிய பழைய சாமானைக் கையில் வாங்கிக்கொண்டு பணத்தைக் கொடுங்கள்.